ஷாரோனுக்கு ஒரு தொட்டி

"ஃபில்டர், மோட்டார், லைட் எல்லாம் இதுக்குள்ளயே இருக்குது சார். கடல் மீனுக்குன்னே செஞ்ச தொட்டி" என்றான் காஞ்சிபுரத்து மீன் கடைக்காரன் விக்ரம்.

தனசேகரன் மனைவியைப் பார்த்தார்.

"நீல லைட் எரியுமாப்பா? எங்க ஷாரோனுக்கு நீலம்னா உசுரு" என்றாள் அம்சா.

"பாப்பாவுக்கா? அப்ப இதையே எடுங்கம்மா. உப்புப் பவுடர் கலந்து வெச்சா, தண்ணி செட்டாக ஒரு மாசம் ஆகும். அப்புறம் நானே வந்து ரெண்டு மீன் ஃப்ரீயா விடறேன்."

"பவுடர் வேணாம். மாமல்லபுரத்துலேர்ந்து கடல் தண்ணியே கேன்ல கொண்டாந்துட்டோம். இன்னிக்கே ஊத்தணும்."

"அவசரப்பட்டா மீன் செத்துடும்மா."

"மீனே வேணாம்பா."

விக்ரம் சிரித்துவிட்டான். "மீன் இல்லாத தொட்டிய வெச்சிக்கினு பாப்பா என்னம்மா பண்ணும்?"

தனசேகரன்தான் பதில் சொன்னார். "மாமல்லபுரத்துலதான்பா அலை அவள இழுத்துக்கினு போச்சு. எவ்ளோ தேடியும் உடம்பு கிடைக்கல. நாளைக்குக் கல்லறைத் திருநாள். எல்லாரும் அவங்கவங்க கல்லறையில மெழுகுவத்தி ஏத்துவாங்க. நாங்க எங்க போயி ஏத்தறது?"

விக்ரமின் சிரிப்பு நின்றது.

பக்கத்துத் தொட்டியில் வாயைத் திறந்து திறந்து மூடிய மீனையே பார்த்துக்கொண்டிருந்தாள் அம்சா.

"கடல்ல இதுங்க தின்னது போதும்பா."