ஒன்பது மார்க்

"ஒம்பது மார்க் வாங்கினவன் வீட்டுல குந்தியிருக்கணும், அஞ்சு மார்க் வாங்கினவன் லோரி ஏறணும். இது என்னா ஞாயம்ணே?"

ரப்பர் மரத்தில் பால் வெட்டிய கையோடு, தலைத்துணியைக்கூட அவிழ்க்காமல் பட்டறைக்கு வந்து நின்றாள் நவமணி. உடையப்பன் டிராக்டருக்கு அடியில் படுத்திருந்தார். வெளியே வருவதைவிட அங்கேயே இருந்துவிடுவது நல்லது என்று அவருக்குத் தோன்றியது. ஆனால் அவள் ஒரு மண்ணெண்ணெய் டின்னைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தேவிட்டாள். வேறு வழியில்லாமல் ஊர்ந்து வெளியே வந்தார்.

சுங்கை சிப்புட் பக்கத்து அந்த ரப்பர்த் தோட்டத்தில் உடையப்பனுக்கு இரண்டு வேலை. பட்டறை வேலைக்குச் சம்பளம் உண்டு. இளைஞர் மன்றத்துப் பிள்ளைகளுக்குக் கால்பந்து சொல்லிக் கொடுக்கும் வேலைக்கு வசவு மட்டும்தான். தோட்டத்துத் திடலில் யார் வேண்டுமானாலும் வெறுங்காலோடு ஓடி ஆடலாம், அதில் தகராறு கிடையாது. தகராறெல்லாம் வெளியூர் டீமில்தான். லகாட், பாகான் செராய் என்று லோரியில் போய் ஆடிவிட்டு வரும் பதினொரு பேரின் பட்டியலை அவர்தான் எழுதி ஒட்டுவார். ஒட்டிய மறுநாள் யாராவது ஓர் அம்மா வந்து நிற்பாள்.

இந்தத் தடவை விஷயம் பெரிது. ஞாயிற்றுக்கிழமை ஈப்போவில் பதினைந்து வயதுக்கு உட்பட்டவர்களுக்கான போட்டி. மாநிலக் குழுவுக்கு ஆள் எடுப்பவர்கள் வந்து பார்க்கப் போகிறார்கள். நவமணியின் மகன் ஜெயபாலன் இந்த வருஷம் மட்டும் இருபத்திரண்டு கோல் போட்டவன். பட்டியலில் அவன் பெயர் இல்லை.

ஆள் எடுக்க உடையப்பன் இந்த முறை புதிதாக ஒரு வழி வைத்திருந்தார். பயிற்சி முடிந்ததும் பிள்ளைகளை வரிசையாக வாய்க்கால் கட்டையில் உட்கார வைத்தார். ஒவ்வொருவன் காலையும் கையில் ஏந்தி, உள்ளங்காலை அழுத்தி, குதிகாலைத் தடவிப் பார்த்து, நோட்டில் ஓர் எண்ணைக் குறித்துக்கொண்டார். காலைத் தொட்டே அண்ணன் ஆட்டக்காரனை எடைபோட்டுவிடுகிறார் என்று பையன்கள் அசந்துபோனார்கள். நோட்டை எட்டிப் பார்த்தவன் சீனி. அவனுக்கு அஞ்சு, ஜெயபாலனுக்கு ஒன்பது. அதைவிட அதிகம் யாருக்கும் இல்லை. விளக்கு வைப்பதற்குள் தொழிலாளர் லயம் முழுக்கச் செய்தி பரவிவிட்டது.

"சீனியோட அப்பாதான லோரி ஓட்டுறாரு? அதான் அவன் உள்ள வந்துட்டானா?"

அப்படியெல்லாம் இல்லை என்றார் உடையப்பன். அப்படியானால் அவருடைய அக்கா மகன் ராமையா ஏழு வாங்கி எப்படி உள்ளே போனான் என்று கேட்டாள். அதுவும் இல்லை என்றார். ஜெயபாலனுக்கு மூச்சு பத்தாது என்று சொல்லிப் பார்த்தார். லீவு நாளில் தன்னோடு பால் வாளி தூக்கி மேடு ஏறுகிறவனுக்கா மூச்சு பத்தாது என்று அவள் மடக்கினாள். உயரம் போதாது என்று ஆரம்பித்தவர், பையன் தன்னைவிடவே நெட்டை என்பது நினைவுக்கு வந்து பாதியில் நிறுத்திக்கொண்டார். அவருக்குப் பொய் சொல்லிப் பழக்கமில்லை. டிராக்டர்கள் எதுவும் கேட்பதில்லையே.

நவமணியின் குரல் இறங்கியது.

"ரெண்டு நாளா அவன் சரியா சாப்புடலண்ணே. என்னா கொறைன்னு மட்டும் சொல்லுங்க, போதும். முட்டை குடுக்கணுமா, மைலோ குடுக்கணுமா? என்னா வாங்கணும்னு சொன்னா, இந்தக் காதுத் தோட்ட அடகு வச்சாவது வாங்கிருவேன்லா."

அவள் கை காதுக்குப் போனது. அவளிடம் தங்கம் என்று இருந்தது அந்த ஒரு ஜோடித் தோடுதான். உடையப்பன் பதறிப்போனார்.

"ஐயோ, வேணாம் நவமணி. எதுவும் வாங்க வேணாம். பையன்கிட்ட ஒரு கொறையும் இல்ல. அடுத்த வருஷம் பாத்துக்கலாம்."

குறையே இல்லாதவனை எதற்கு விட்டார் என்று அவளுக்குப் புரியவில்லை. அவர் கையிலிருந்த ஸ்பானரைத் துடைத்தார். துடைத்ததையே மறுபடியும் துடைத்தார். கேட்டுக் கேட்டு அலுத்துப்போய் எழுந்து, டின்னை இருந்த இடத்திலேயே வைத்தாள்.

"சரிண்ணே. ஒங்களுக்கு ஒம்பது பத்தல, அவ்ளோதான? அடுத்த வருஷம் எம் மகன் பத்து வாங்குவான், பாருங்க."

வாங்கிவிடுவான் என்று உடையப்பனுக்கும் தெரியும். வளருகிற பையன். அதுதான் அவருக்குப் பயமே.

அவள் லயத்துப் பக்கம் திரும்பும்வரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, பழைய டயர்களுக்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்த கோணிச்சாக்கை இழுத்தார். வெறுங்காலோடு யாரையும் திடலில் இறக்க மாட்டோம் என்று ஈப்போவிலிருந்து கடிதம் வந்த அன்றே ஓடிப்போய், அங்கே ஒரு மன்றம் வேண்டாமென்று ஒதுக்கியதைக் கெஞ்சி வாங்கி வந்த பழைய பூட்ஸ், மொத்தம் பதினொரு ஜோடி. கடைசி முறையாக ஒவ்வொன்றையும் கவிழ்த்து அடியிலிருந்த நம்பரைப் பார்த்தார்: அஞ்சு ஒன்று, ஆறு நான்கு, ஏழு நான்கு, எட்டு இரண்டு. ஒன்பது இல்லவே இல்லை.