மேஜை மணி

உலகத்துக்கெல்லாம் பொதுவாக இருக்கட்டும் என்று ஒருவர் உட்கார்ந்து உருவாக்கிய மொழி எஸ்பெராண்டோ. அதற்குச் செம்பூரில் சங்கம் நடத்திவந்தார் ராமசேஷன். ஞாயிறுதோறும் வாடகை ஹாலில் கூட்டம். உள்ளே யாராவது வேறு மொழி பேசினால் மேஜை மணியைத் தட்டி வாயை அடைத்துவிடுவார்.

புதிதாக வந்த கரீம் பாட்சா முதல் நாளே எழுந்தார். "சார், ஒரு விசயம் சொல்லணும்..."

டிங்!

"எஸ்பெராண்டோல சொல்லுங்கோ! வராட்டா கத்துண்டு வந்து சொல்லுங்கோ!" இதைத் தமிழில் சொல்லத் தலைவருக்கு மட்டும் விலக்கு உண்டு.

அடுத்த வாரமும் டிங். அதற்கடுத்த வாரமும் டிங். மனிதர் அசரவில்லை, பாடப் புத்தகம் வாங்கிக்கொண்டு போனார். 'என்ன சிரத்தை!' என்று பூரித்துப்போனார் ராமசேஷன்.

மழைக்காலம் முடிந்த ஒரு ஞாயிறு. கரீம் பாட்சா எழுந்து, தப்பில்லாத எஸ்பெராண்டோவில் நிறுத்தி நிதானமாகப் பேசினார். ஒரு வார்த்தையும் புரியாத உறுப்பினர்கள் பலமாகக் கைதட்டினார்கள்.

ராமசேஷனுக்கு மட்டும் புரிந்தது.

"இந்த ஹாலை நான் வாங்கி நாலு மாதமாகிறது. நாளைக்கு என் தையல் மிஷின்கள் வந்து இறங்குகின்றன. தயவுசெய்து காலி செய்யுங்கள்."

"ஐயையோ! திடீர்னு சொன்னா நாங்க எங்கே போவோம்?" என்று அலறினார் ராமசேஷன்.

கரீம் பாட்சா பணிவாகக் கையை நீட்டி மணியைத் தட்டினார்.

டிங்!