சாக்கடை ஏற்றிய விளக்கு

பாதாளச் சாக்கடையின் மூடியைத் தூக்கியதும், உள்ளே சின்னதாய் ஒரு சிவப்பு விளக்கு தெரிந்தது.

எரிகிறது! ஆராய்ச்சிக்காரி குனிந்து பார்த்தாள்.

போன மாதம் அவள் இறக்கிவைத்த நுண்ணுயிர் மின்கலம் அது. ஒரு பிளாஸ்டிக் குழாய், கொஞ்சம் கார்பன் இழைத் துணி, கம்பி, அவ்வளவுதான். துணியில் படியும் பாக்டீரியாக்கள் கழிவைத் தின்னத் தின்ன மின்சாரம் கசியும். அதில் ஒரு சென்சார் ஓடும். விஷவாயு இருந்தால் சிவப்பு, இல்லாவிட்டால் பச்சை.

இதை வைத்து ஒரு செல்போனுக்குக்கூட சார்ஜ் ஏற்ற முடியாது என்று கல்லூரியில் சிரித்தார்கள். அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. பேட்டரி வைத்தால் ஒருநாள் தீர்ந்துபோகும். தீர்ந்ததை யாரும் மாற்ற மாட்டார்கள். சாக்கடை தீராது.

முதல் குழாயில் கம்பி துருப்பிடித்தது. அடுத்ததில் தண்ணீர் புகுந்தது. வேறு ஏதாவது செய்யேன் என்றார் பேராசிரியர். அவள் புதுக் குழாயை வாளியில் போட்டுக்கொண்டு மறுபடியும் இதே தெருவுக்கு வந்தாள்.

சூப்பர்வைசர் குழியை எட்டிப் பார்த்தார்.

“வாடையே இல்லையேம்மா. உன் பொம்மைய நம்பிக்கிட்டு நிக்க முடியுமா? தெருவே மிதக்குது. நீ இறங்குப்பா!”

இடுப்பில் கயிற்றோடு நின்ற தொழிலாளி செருப்பைக் கழற்றினார்.

உள்ளே விளக்கு இன்னும் சிவப்பாகவே எரிந்தது. வாயு அளவு மீறினால் மூக்கு மரத்துப்போகும், வாடையே தெரியாது. அதையெல்லாம் விளக்கிக்கொண்டிருக்க நேரமில்லை.

குழியின் இரு பக்கமும் கால்களை ஊன்றி நிமிர்ந்து நின்றாள்.

“என்னைத் தள்ளிட்டுத்தான் யாரும் உள்ள போகணும். லாரி வரட்டும்.”

சூப்பர்வைசர் கத்தினார். பிறகு கெஞ்சினார். மாடிகளிலிருந்து ஜனங்கள் வேடிக்கை பார்த்தார்கள். அவள் இம்மியும் நகரவில்லை. கடைசியில் அவர் முணுமுணுத்துக்கொண்டே, கழிவுநீர் உறிஞ்சும் லாரிக்குப் போன் போடத் தள்ளிப் போனார்.

தொழிலாளி கயிற்றை அவிழ்க்கத் தொடங்கினார். முடிச்சு இறுகியிருந்தது. அவள் குனிந்து நகத்தால் நெம்பி அவிழ்த்துவிட்டாள்.

காலையிலிருந்து அவளைத் தெரிந்ததாகவே காட்டிக்கொள்ளாதவர், இப்போது குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

“அம்மாவுக்குப் போன் பண்ணிச் சொல்லிடு. இன்னைக்கு அப்பா மத்தியானச் சாப்பாட்டுக்கே வந்துடுவாராம்னு.”