ஆறிய முழங்கால்

ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில் அடுத்தடுத்த கூண்டுகளில் இரண்டு முயல்கள் இருந்தன. ஒரே நாளில் இரண்டின் முழங்காலிலும் குருத்தெலும்பில் ஓட்டை போட்டார்கள். வெள்ளை முயலின் ஓட்டையில், கண்ணாடித் தட்டில் வளர்த்த புதுக் குருத்தெலும்பை வைத்து அடைத்தார்கள். வித்தியாசம் தெரியவேண்டும் என்று சாம்பல் முயலை அப்படியே விட்டுவிட்டார்கள்.

மூன்றாம் மாதம் வெள்ளை முயல் துள்ள ஆரம்பித்தது.

"வலியே இல்ல. இந்த மனுசங்க தங்கமானவங்க," என்றது.

"ஓட்டை போட்டது யாரு?" என்றது சாம்பல்.

"உனக்குக் கால் ஆறல, அந்த வயித்தெரிச்சல்ல பேசுற."

மறுநாள் காலையில் டாக்டரம்மா வந்து கூண்டைத் திறந்தார். வெள்ளை முயல் தானாகவே அவர் கைக்குத் தாவியது. அவர் அதன் முழங்காலை மடக்கி நீட்டிப் பார்த்தார்.

"அருமையா ஆறியிருக்கு," என்றார் உதவியாளரிடம். "உள்ள எப்படிக் கூடியிருக்குன்னு இன்னைக்கு அறுத்துப் பார்த்துடுவோம். நாளைக்கு அந்த நொண்டி."

பாராட்டைக் கேட்டதுமே வெள்ளை முயலுக்குத் தலைகால் புரியவில்லை. மீதி அதன் காதில் ஏறவே இல்லை. அவர் தோளில் சாய்ந்தபடி அது திரும்பிப் பார்த்தது.

"கேட்டியா? அருமையாம்."

சாம்பல் முயல் எல்லாவற்றையும் கேட்டிருந்தது.

"கேட்டேன்," என்றது. "நல்லாத்தான் ஆறியிருக்கு."