ஆளுக்குப் பாதி பாஸ்வேர்டு

"இதுக்கு வேற ஆளே கெடைக்கலையா மேடம்?"

ஷர்லி பொரிந்து தள்ளியும் ஆஸ்பத்திரித் தலைவர் டாக்டர் ராஜலட்சுமி அசரவில்லை.

"பேக்கப் பாஸ்வேர்டுல முதல் பாதி ஒனக்கு. மீதிப் பாதி நாகராசுக்கு. ஒருத்தரோடத இன்னொருத்தர் பாக்கக் கூடாது. மாசாமாசம் சேர்ந்து ஒக்காந்து மாத்தணும்."

கம்ப்யூட்டர் பிரிவு ஷர்லியும் ரெக்கார்டு ரூம் நாகராசுவும் பேசிக்கொள்வதில்லை. புதுவீட்டுப் பால்காய்ப்புக்கு அவர் அவளைக் கூப்பிடவில்லை. அதிலிருந்து அப்படித்தான்.

"பேசிக்காத ரெண்டு பேரு கூட்டுச் சேர்ந்து தப்புப் பண்ண மாட்டாங்கல்ல? அதான் கணக்கு. மேடத்துக்கு யாரு மேலயும் நம்பிக்கை கெடையாது!" என்று ஊழியர்கள் கேன்டீனில் பொருமினார்கள்.

பேக்கப் என்பது விர்ச்சுவல் டேப் லைப்ரரி. பேர்தான் டேப்; உள்ளே இருப்பது டிஸ்க். ஆஸ்பத்திரியின் எல்லா ஸ்கேனுக்கும் ரிப்போர்ட்டுக்கும் அதில் ஒரு நகல் உண்டு.

ஒரு திங்கட்கிழமை காலை எல்லா ஸ்கிரீன்களும் சிவப்பாகிவிட்டன. எவனோ வைரஸை அனுப்பி, ஃபைல்களைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்டான். கட்டுமாவடியிலிருந்து வந்திருந்த சின்னப்பிள்ளை என்ற நோயாளிக்கு அன்றைக்குத்தான் மூளையில் ஆபரேஷன். அவருடைய ஸ்கேனும் பூட்டுக்குள்ளே!

"பேக்கப்பையும் அழிக்கப் பாத்திருக்கான் மேடம். என் கம்ப்யூட்டர்லேர்ந்து என் பாதியத் திருடியும் ஒண்ணும் கிழிக்க முடியல!" என்றாள் ஷர்லி.

மறுபாதிக்காரர் லீவில், திருவரங்குளத்தில். ஷர்லி போனை எடுத்தாள். வைத்தாள். மறுபடி எடுத்தாள்.

"அண்ணே... ஷர்லி பேசுறேன். ஒங்க பாதி வேணும்."

"போன்ல சொல்லக் கூடாதும்மா. இந்தா வாரேன்."

ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் ஓடி வந்தார். அவர் தன் பாதியைத் தட்டும்போது ஷர்லி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். இந்தத் தடவை கோபத்தில் இல்லை.

ஸ்கேன் வந்தது. ஆபரேஷனும் நல்லபடியாக முடிந்தது.

"பால்காய்ப்புக்கு ஒன்னைக் கூப்பிட மறந்தே போயிட்டேம்மா. சொல்ல வெக்கமா இருந்துச்சு."

"நானும் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ண்ணே."

டீயைக் குடித்துவிட்டு இருவரும் சேர்ந்தே டாக்டர் அறைக்குப் போனார்கள்.

"மேடம், பாஸ்வேர்டுக்கு வேற ஆளப் போடுங்க. நாங்க பேச ஆரம்பிச்சிட்டோம். இனிமே பாதுகாப்பு இல்ல."

டாக்டர் விழுந்து விழுந்து சிரித்தார்.

"பூட்டுக்கு எந்த ரெண்டு பேரும் போதும். ஒங்க ரெண்டு பேரையும் மாசத்துக்கு ஒரு தடவையாச்சும் பக்கத்துல பக்கத்துல ஒக்கார வைக்க, எனக்கு வேற வழி தெரியல!"