பாதியில் நின்ற சண்டை

ஆய்வுக்கூடத்துக் குப்பி ஒன்றில் இரண்டு கொக்கிப்புழுக் குட்டிகள் இருந்தன.

"என் மேலேயே விழறியே, தள்ளிப் படு!" என்று கத்தியது சுருளி.

"முடியாது போ! இங்க முதல்ல வந்தது..." என்று நெளியன் சொல்லும்போதே குப்பியைத் திரவ நைட்ரஜனில் இறக்கிவிட்டார்கள். பேச்சோடு இரண்டும் உறைந்துபோயின.

பல வருஷம் கழித்து வெதுவெதுப்பான தண்ணீரில் பனி உருகியது. தான் உயிரோடுதான் இருக்கிறோமா என்று சுருளிக்கே சந்தேகம். பக்கத்தில் குரல் கேட்டது: "...நான்தான்!"

சுருளிக்குப் போன உயிர் திரும்பியது. நெளியனை ஓங்கி ஒரு இடி இடித்தது.

நுண்ணோக்கியில் பார்த்த ஆராய்ச்சியாளர் மங்களேஸ்வரி துள்ளினாள். "என்னமா ஆடுதுங்க! ரெண்டையும் பிரிக்காம மறுபடி உறைய வைங்க."

குப்பி இறங்கும்போது சுருளி வேண்டுமென்றே மெதுவாக ஆரம்பித்தது: "நெளியா, உன்கிட்ட ஒரு கெட்ட பழக்கம் இருக்கு. அது என்னன்னா..."