நாற்பது விநாடி

"முதுகுல குத்திட்டியே, மேவ்!"

ஹாலிஃபாக்ஸின் பனியில் நனைந்தபடி, மடிக்கணினியோடு வாசலில் நின்றான் டெஸ்மண்ட். லினக்ஸ் கணினிகளுக்காக அவனும் மேவும் ஒன்பது வருடம் சேர்ந்து உருவாக்கியது, விளையாட்டுகளை இயக்கும் அந்த கேம் எஞ்சின். 'வேகமானது, வேவு பார்க்காதது' என்பதுதான் அதன் பெருமையே.

"நேத்து விட்ட பதிப்பு, விளையாடுறவங்க விவரத்தையெல்லாம் உன் கணினிக்கு அனுப்புது. எழுதினது நீதானே?"

"நான்தான். ஆனா..."

"என்ன ஆனா? திட்டத்துல இருந்து உன்னை நீக்கிட்டேன். ஏன்னு ஊருக்கே எழுதியும் போட்டுட்டேன்."

மேவ் அவனுடைய மடிக்கணினியைக் காட்டினாள். "நான் உனக்கு அனுப்பின நிரல் கோப்பைத் திற. முதல் வரியைப் படி."

'டெஸ், வேகம் எங்கே குறையுதுன்னு அளந்து எனக்கு அனுப்பத்தான் இது. உன் கணினியில மட்டும் ஓட்டு. வெளியிடுற பதிப்புல சேர்த்துடாதே.'

"இப்ப, கீழே நீ எழுதினதைப் படி."

அவன் சத்தமில்லாமல் படித்தான்.

'வரிவரியாகப் படித்தேன். பிரமாதம். சேர்த்துவிட்டேன்.'

கோப்பில் இரண்டாயிரம் வரிகள். கோப்பு வந்து சேர்ந்த நாற்பதாவது விநாடியிலேயே அவன் அந்தப் பதிலை எழுதியிருந்தான்.

"ஒன்பது வருஷமும் இப்படித்தான் படிச்சியா, டெஸ்?" என்று கேட்டுவிட்டுக் கதவைச் சாத்தினாள் மேவ்.